பழைய ஏர் கம்ப்ரஸர் வாங்கப் போறீங்களா? மோட்டாருக்கு முன்னாடி டேங்க்கைப் பாருங்க!

கீழ்க்கட்டளையில இருந்து ரேடியல் ரோடு பிடிச்சா நாலைந்து கிலோமீட்டர்ல பல்லாவரம். வெள்ளிக்கிழமைன்னா அங்கே சந்தை. செடி, பழைய மிக்ஸி, துருப்பிடிச்ச டிரில் மெஷின், யாரோ வீட்டு கீபோர்டுன்னு எல்லாத்தையும் தரையில விரிச்சு வெச்சிருப்பாங்க. அந்தக் கூட்டத்துல புதுசா பெயின்ட் அடிச்ச ஏர் கம்ப்ரஸர் ஒண்ணு கண்ணுல பட்டா, பைக் வெச்சிருக்கிற யாருக்கும் கை அரிக்கும். புதுசோட விலையில பாதிகூட இருக்காது. `இதை வாங்கிப் போட்டா காத்தடிக்க எங்கேயும் அலைய வேணாமே'ன்னு மனசு கணக்கு போட ஆரம்பிச்சுடும்.

கொஞ்சம் பொறுங்க. டயருக்குக் காத்தடிக்க மட்டும்தான்னா, கம்ப்ரஸரே வேணாம். பைக், கார் டயர்களுக்குத் தேவை பெரும்பாலும் 25-ல இருந்து 40 பி.எஸ்.ஐ-க்குள்ள. கையில பிடிச்சுக்கிற அளவுக்கு இருக்கிற டயர் இன்ஃப்ளேட்டரே அதைச் செஞ்சுடும். பெட்ரோல் பங்க்குகள்ல காத்து இலவசமா தரணும்னு விதியே இருக்கு. ஏசி ஃபில்டர், கம்ப்யூட்டர் தூசிக்கு சின்ன பிளோயர் போதும். ஸ்பிரே பெயின்ட்டிங், மரவேலைக்கு நெய்லர் கன்னு ஏதாவது சீரியஸா செய்யப் போறீங்கன்னாதான் மேல படிங்க.

வாங்குறவங்க முதல்ல கேக்குறது, ``எத்தனை ஹெச்.பி?'' அது அரைகுறையான கேள்வி. ஸ்பிரே கன்னுக்கு முக்கியம், நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து வருதுங்கிறது. அதைத்தான் சி.எஃப்.எம்-னு சொல்றாங்க. 1 சி.எஃப்.எம்-னா நிமிஷத்துக்கு சுமார் 28 லிட்டர். மெஷின் மேல எழுதியிருக்கிற நம்பர் பல நேரம் பிஸ்டன் இழுக்குற காத்தோட கணக்கு. வெளியே வர்றது அதைவிடக் குறைவு. பழைய மெஷின்ல ரிங் தேஞ்சிருந்தா இன்னும் குறையும்.

இதை உங்க போன் ஸ்டாப்வாட்ச்லயே கண்டுபிடிச்சுடலாம். டேங்க்கைக் காலி பண்ணச் சொல்லுங்க. மெஷின் சூடா இல்லாம இருக்கும்போது ஆன் பண்ணி, 8 பார் ஏற எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பாருங்க. 50 லிட்டர் டேங்க்னா 8 பாருக்கு 400 லிட்டர் காத்து உள்ளே போகணும். அதுக்கு 5 நிமிஷம் எடுத்துக்கிட்டா நிமிஷத்துக்கு 80 லிட்டர், அதாவது 3 சி.எஃப்.எம்-கூட இல்ல. டயருக்கும் சின்ன டச்-அப்புக்கும் ஓகே. கதவு, பீரோன்னு பெருசா பெயின்ட் அடிக்கிற கன் 8, 10 சி.எஃப்.எம் கேக்கும். பாதிக் கதவுலயே மூச்சு வாங்கிடும். `ஓடவிட்டுக் காட்ட முடியாது'ன்னு சொன்னா அப்படியே நகர்ந்துடுங்க, எவ்வளவு குறைச்சாலும் சரி.

மோட்டார் எரிஞ்சா காயில் கட்டிக்கலாம். ரிங், வால்வு பிளேட் மாத்திக்கலாம். பெல்ட், பிரஷர் ஸ்விட்ச் எல்லாம் கடையில கிடைக்குது. ரிப்பேர் பண்ணக் கூடாத ஒரே பாகம், டேங்க்.

காரணம், நம்ம ஊர் காத்துலயே இருக்கு. சென்னையில 30 டிகிரி வெயில், 80 சதவிகித ஈரப்பதம்னு வெச்சுக்கோங்க. அந்தக் காத்தை 50 லிட்டர் டேங்க்குல 8 பாருக்கு அமுக்கினா, ஒரு தடவை நிரம்பி ஆறுறதுக்குள்ளயே சுமார் ஒன்றரை டீஸ்பூன் தண்ணி அடியில தேங்கிடும். தினமும் வேலை செஞ்ச மெஷின்னா எத்தனை தடவை நிரம்பியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அடியில இருக்கிற டிரெயின் வால்வைத் திறந்து தினமும் வடிக்கணும். நிறைய பேர் செய்யறதில்லை. துரு உள்பக்கமா, அடியில, யார் கண்ணுக்கும் தெரியாம தகட்டை அரிச்சுக்கிட்டே இருக்கும். வெளியே புது பெயின்ட் பளபளக்கும்.

அதே டேங்க் வெடிச்சா? 8 பார்ல 50 லிட்டர் காத்து அடக்கி வெச்சிருக்கிற ஆற்றல், ஆளோட சேர்த்து 180 கிலோ இருக்கிற ஸ்கூட்டர் 90 கிலோமீட்டர் வேகத்துல வர்றதுக்குச் சமம். அதைத்தான் மாடிப்படிக்குக் கீழ, பிள்ளைங்க சைக்கிளுக்குப் பக்கத்துல வைக்கப் போறீங்க.

அதனால நேரா டிரெயின் வால்வுக்குப் போங்க. லேசா பிரஷர் இருக்கும்போது திறந்தா கலங்கல் தண்ணி கொஞ்சம் வரலாம். செங்கல் கலர்ல குழம்பா வந்தாலோ, துகள் துகளா வந்தாலோ சந்தேகம்தான். வால்வு அடைச்சுக்கிட்டு ஒண்ணுமே வரலைன்னா, வருஷக்கணக்குல வடிக்கவே இல்லைன்னு அர்த்தம். போன்ல சொருகுற எண்டோஸ்கோப் கேமரா ஆன்லைன்ல கிடைக்குது. காத்தை முழுசா இறக்கிட்டு, பிளக்கைக் கழட்டி உள்ளே விட்டா அடித்தகடு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுடும். வெளியே டேங்க் உடம்புல எங்கேயாவது ஒட்டு வெல்டிங் இருந்தா அந்த மெஷினே வேணாம். ஓட்டை விழுந்த இடத்தைச் சுத்தியும் தகடு மெலிஞ்சுதான் இருக்கும். ஒட்டு நின்னாலும் பக்கத்துல பிளந்துக்கும்.

முழு நம்பிக்கை வேணும்னா ஹைட்ரோ டெஸ்ட். டேங்க் முழுக்கத் தண்ணி நிரப்பி, கைப்பம்பால வழக்கமான பிரஷரைவிட ஒன்றரை மடங்கு வரை ஏத்துவாங்க. தண்ணி காத்து மாதிரி அமுங்காது. அதனால தகடு விட்டுப்போனாலும் வெடிக்காம ஒழுகும். பிரஷர் வெசல் வேலை செய்யுற ஒர்க்‌ஷாப்புகள்ல கேளுங்க. அந்தச் செலவையும் வண்டி வாடகையையும் மெஷின் விலையோட கூட்டுங்க. புதுசுக்குப் பக்கத்துல வந்து நின்னா, எனக்குத் தெரிஞ்சு புதுசு வாங்குறதுதான் புத்திசாலித்தனம். பம்ப்பும் மோட்டாரும் அருமையா இருந்து டேங்க் மட்டும் சந்தேகம்னா, இன்னொரு வழி இருக்கு. டேங்க்கை எடைக்குப் போட்டுட்டு புது டேங்க் மாட்டுற கணக்குல பேரம் பேசுங்க.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடியுற வேலை. சேஃப்டி வால்வு வளையத்தை இழுத்தா காத்து சீறணும், விட்டா அடங்கணும். செட் பண்ணின பிரஷர்ல மோட்டார் தானா நிக்கணும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. கடையில ஓடின மெஷின் த்ரீ பேஸா இருக்கலாம், பிளேட்டைப் படிங்க. வீட்டு இன்வெர்ட்டரை நம்பாதீங்க. ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும். சத்தமும் அதிகம், அப்பார்ட்மென்ட்னா அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல உங்க பேர்தான் ஓடும்.

வாங்கிட்டீங்களா? வேலை முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கி, காத்தை இறக்கி, டிரெயின் வால்வைத் திறந்து வெச்சுட்டுப் போங்க. கன்னை பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க. விளையாட்டா உடம்புல காத்தடிச்சு உயிர் போன சம்பவங்கள் நம்ம நாட்டுல பல தடவை செய்தியா வந்திருக்கு. ஹோஸைத் தனியா கழட்டி, பீரோ மேல வெச்சிடுங்க.