அடிப்படைச் சம்பளம் என்று ஏன் கேட்டார்கள்?

2018 டிசம்பர் 4ஆம் திகதி ஹற்றன், நுவரெலியா பக்கத் தோட்டங்கள் பலவற்றில் பிரட்டுக்களம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அழைத்த வேலைநிறுத்தம் அது. ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது. அந்த நாட்களுக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை.

2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் வந்தது. அடிப்படை 700, விலைப்பங்கு 50, மொத்தம் 750 ரூபாய். அதற்கு முந்திய ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. கூட்டிப் பாருங்கள், 730 வரும். "இம்புட்டு நாள் வேலைய விட்டு இருபது ரூபாதானா?" என்று யாரும் கேட்டால் அதில் தப்பில்லை. ஆயிரம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான்.

ஆனால் சம்பளச் சீட்டைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். பழைய 60ம் 140ம் நிச்சயமில்லாத காசு. வேலைக்கு வந்த நாள் குறைந்தால் ஒன்று போகும், கொழுந்து குறைந்தால் மற்றது போகும். அதைவிட முக்கியம், சேமலாப நிதிக்கு அந்தக் காசு கணக்கில் வராது. தோட்டம் போட வேண்டிய 12 வீதமும், உங்களிடம் பிடிக்கும் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் அடிப்படையில் இருந்துதான் கணக்காகும்.

சேவைக்காலப் பணமும் அப்படித்தான். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 25 வருடம் கொழுந்தெடுத்த ஓர் அம்மாவுக்கு 350 நாள். 500 ரூபாய்ப்படி 1,75,000. 700 ரூபாய்ப்படி 2,45,000. எழுபதாயிரம் வித்தியாசம்! மகள் கலியாணமோ, கூரைத் தகரமோ, இந்தக் காசை நம்பித்தானே நம் வீடுகளில் பேச்சே நடக்கிறது?

வீட்டு விசயத்தில் ஒரு சிக்கல் உண்டு. சேமலாப நிதியை ஈடாக வைத்து வீட்டுக்கடன் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் லயத்துக் காம்பராவில் இருப்பவருக்குக் காணி உறுதி ஏது? சம்பளம் கேட்கும் இடத்திலேயே ஏழு பேர்ச் காணியும் கேட்பது இதனால்தான்.

2021இல் கிடைத்த ஆயிரத்தில் அடிப்படை 900. 2024இல் அடிப்படை 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழிந்த 1,750இலும் 1,550தான் அடிப்படை. மிச்சம் 200 வேலைக்கு வந்தால் அரசாங்கம் தருவதாகச் சொன்ன வரவுக் கொடுப்பனவு.