எட்டு லட்சம் பேரின் மொழிக்கு ஒரு முதுகலை

மிசோ மொழியில் முதுகலைப் பட்டம் பெறுவதால் என்ன பயன் என்ற கேள்வியை மொழிப் பேராசிரியர்களைவிட என்னைப் போன்ற பொருளியல்காரர்களே மிகுதியாகக் கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 8.3 லட்சம் பேர். மிசோரம் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே அப்போது 11 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அம்மாநில அரசின் வருவாயில் பெரும்பகுதி மத்திய நிதியிலிருந்து வருகிறது. இத்தகைய இடத்தில், இவ்வளவு சிறிய மொழிக்கு இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் என ஒரு முழு ஏணியைக் கட்டி நடத்துவது செலவுக்குத் தகுமா? தகும் என்பதே என் விடை. அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது மொழிப்பற்று அல்ல. ஒரு பஞ்சத்தின் வரலாறு.

மிசோ மலைகளில் மிகுதியாக வளரும் ஒருவகை மூங்கில், ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைத்தொடர் முழுவதும் ஒருசேரப் பூத்து, காய்த்து, மடிந்துவிடும். அதன் பழங்களைத் தின்று எலிகள் பல்கிப் பெருகும். பழம் தீர்ந்ததும் அவை மலைச்சரிவில் விளைந்து நிற்கும் நெல்லையும் வீட்டுக் குதிர்களையும் நோக்கித் திரும்பும். காடெரித்துப் பயிரிட்டு, ஓராண்டு விளைச்சலை ஓராண்டு உண்டு வாழ்ந்த மக்களுக்கு அதன் பொருள் பஞ்சம்.

இப்பேரிடருக்கு மிசோ மொழியில் பெயர் 'மௌதாம்'. கடந்த நூற்றாண்டில் 1911-ஐ ஒட்டியும் 1959-இலும் வந்தது. இந்த நூற்றாண்டில் 2007-இல் வந்தது. வேறோர் இன மூங்கில் பூப்பதால் வரும் பஞ்சத்துக்குத் தனிப் பெயர்: 'திங்தாம்'. அது மௌதாமுக்கு 18 ஆண்டுகள் கழித்து வரும். அதன்பின் 30 ஆண்டுகளில் மீண்டும் மௌதாம். 1929, 1977 ஆகிய ஆண்டுகள் இவ்வரிசையில் அமைகின்றன. அதே கணக்கு 2025-ஐயும் சுட்டுகிறது. எழுத்தே இல்லாதிருந்த ஒரு சமூகம், பேரிடர் முன்னறிவிப்பை இரண்டு சொற்களிலும் ஓர் ஆண்டுக்கணக்கிலும் சேமித்து வைத்திருந்தது.

1958-இல் மிசோ மாவட்ட மன்றம் இந்தக் கணக்கை வைத்தே வரப்போகும் பஞ்சத்தை அசாம் அரசுக்கு எடுத்துரைத்து, முன்னேற்பாட்டுக்காக 15 லட்சம் ரூபாய் கோரியது. அரசு அதைப் பழங்குடி மக்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு மூங்கில் பூத்தது. நிவாரணப் பணிக்காகத் தோன்றிய பஞ்ச முன்னணி, 1961-இல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணியாக மாறியது. இடையில், 1960-இல், அசாமியத்தை அலுவல் மொழியாக்கும் சட்டம் வந்து எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. 1966 மார்ச் மாதத்தில் ஆயுதக் கிளர்ச்சி; மார்ச் 5 அன்று ஐசால் நகரின்மீது இந்திய விமானப்படையே குண்டு வீசியது. 1986 ஜூன் 30-இல் உடன்பாடு கையெழுத்தாகும்வரை இருபது ஆண்டுகள் அம்மலைகளில் அமைதி இல்லை.

வகுப்பில் பஞ்சங்களைப் பற்றிப் பாடம் நடத்துகையில் 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தையும் அமர்த்தியா சென் அதற்குத் தந்த விளக்கத்தையும் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். மௌதாம் எங்கள் பாடத்திட்டத்தில் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. தகவல் உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் சென்றும் அது தகவலாகவே ஏற்கப்படாமல் போனதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். மொழி தெரிந்திருந்தால் போரே வந்திராது என்று சொல்ல மாட்டேன். அதற்கு அரசியல் காரணங்கள் பல. ஆனால் அன்றைய அசாம் தலைநகர் ஷில்லாங்கின் அலுவலகங்களில், அந்த மொழியையும் மக்களையும் முறையாகக் கற்ற சிலர் இருந்திருந்தால், அந்த மனு குறைந்தபட்சம் படிக்கப்பட்டிருக்கும். 15 லட்சத்தை ஒரு தட்டிலும் இருபதாண்டுப் போரின் செலவை மறுதட்டிலும் வைத்துப் பாருங்கள்.

இனி, அப்படி முறையாகக் கற்பது என்றால் எதைக் கற்பது? மிசோரம் பல்கலைக்கழகம் 2001-இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதற்குமுன் அது வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தின் கிளை வளாகம். அங்கே மிசோ துறை இருக்கிறது. மொழியமைப்பு, வாய்மொழி மரபு, கவிதை, புனைகதை, திறனாய்வு, பண்பாட்டு வரலாறு ஆகியன அத்துறையின் இயல்பான எல்லைகள்.

மிசோ திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. குரலின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். 'லெய்' என்று எழுதப்படும் சொல், ஒலிக்கும் தொனிக்கேற்ப மண்ணையும் குறிக்கும், நாக்கையும் குறிக்கும், விலைக்கு வாங்குதலையும் குறிக்கும். எழுத்தில் இவ்வேறுபாடு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. படிப்பவரே இடமறிந்து கொள்ள வேண்டும். போதல் என்னும் வினைக்கு முன் மேலே ஏறிப் போதல், கீழே இறங்கிப் போதல், பேசுபவரை நோக்கி வருதல் ஆகியவற்றுக்கெனத் தனித்தனி இடைச்சொற்கள் சேரும். சமவெளிக்காரரான நமக்கு வியப்பாகத் தோன்றும்; மலைமுகட்டில் ஊர் அமைத்தவர்களுக்கு ஏற்றமும் இறக்கமும் அன்றாட உண்மை. ஆண் பெயர்கள் 'ஆ' என்றும் பெண் பெயர்கள் 'இ' என்றும் முடியும். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இன்னார் என்று தெரிந்துவிடும்.

எழுத்து வந்த கதை பலரும் அறிந்தது. 1894-இல் மலையேறிய லொரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரு மதப்பணியாளர்கள் உரோமன் எழுத்துகளைக் கொண்டு வரிவடிவம் அமைத்தனர். 1898-இல் இலக்கணமும் அகராதியும் சேர்ந்த நூல் வெளிவந்தது. லொரெய்ன் தம் வாழ்நாள் உழைப்பாகத் தொகுத்த பேரகராதி 1940-இல் வந்தது. அதில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். எழுத்துக்கு வயது 130 ஆண்டுகள்தாம் என்பதால் இலக்கியத்துக்கும் அதுவே வயது என்று நினைக்கலாகாது. வேட்டை முடித்து முழங்கும் பாட்டு, போர் வென்று முழங்கும் பாட்டு, இறந்தோர்க்குப் பாடும் பாட்டு எனத் தனித்தனி வகைகள் அதற்கு முன்பே இருந்தன. கவிதைக்கெனவே ஒரு தனிச் சொற்றொகுதி உண்டு. அன்றாடப் பேச்சில் அது வழங்காது. இன்றைய ஐசால் இளைஞர் பழம்பாடல்களைப் பொருளுணர்ந்து படிக்கப் பயிற்சி வேண்டும் என்பது இதனால்தான்.

ஹ்முவாகி என்னும் பெண்ணே முதன்முதலில் பாட்டுக் கட்டியவர் என்பது மரபு. அவர் பாடிப் பாடி, இனி வருவோர்க்குப் பாட ஒன்றும் மிஞ்சாது என்று அஞ்சிய ஊரார் அவரை உயிரோடு புதைத்தார்களாம். லால்தேரியின் கதை இன்னும் கொடிது. தலைவன் மகளான அவர் எளிய குடியில் பிறந்த ஒருவனைக் காதலித்தார். அவனை அவர் குடும்பத்தார் கொன்றனர். உணவையும் ஆடை அணியையும் மறுத்து அவர் பாடிய புலம்பல்கள் 'லால்தேரி பாட்டு' என்றே அவர் பெயரால் வழங்குகின்றன. ஒரு பாட்டு வகைக்கு அதைப் பாடிய பெண்ணின் பெயரையே வைத்த மரபு எனக்கு மிகவும் பிடித்தது.

அச்சேறிய உரைநடை பின்னர் வந்தது. எல். பியாக்லியானா 1936-இல் எழுதிய 'ஹாவிலோபாரி' முதல் நாவலாகக் கருதப்படுகிறது. அவர் 1941-இல் இளம் வயதிலேயே மறைந்தார். மிசோ இலக்கியத்தின் வலிமைமிக்க பகுதி என்று நான் கருதுவது 1966-க்குப் பிந்தைய எழுத்து. அந்த இருபது ஆண்டுகளை மிசோக்கள் 'ரம்புவாய்' என்பார்கள். கலங்கிய நாடு என்று பொருள். ஊரடங்கு, எரிந்த வீடுகள், 1967 முதல் நூற்றுக்கணக்கான சிற்றூர்களைக் கலைத்து மக்களைச் சாலையோர முகாம்களில் குடியமர்த்தியது என அனைத்தும் பாடலாகவும் கதையாகவும் ஆகியிருக்கின்றன. அரசு ஆவணங்கள் அதை ஊர்த் தொகுப்பு என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கின்றன.

பண்பாடு என்ற தலைப்பை நம்மவர் மூங்கில் நடனத்தோடும் வண்ணத் துணிகளோடும் நிறுத்திவிடுவார்கள். ஒரு பொருளியல் மாணவர் அங்கே காணக்கூடியது அதிகம். பழைய ஊர்களில் தலைவனுக்கு விளைச்சலில் இவ்வளவு நெல், வேட்டையில் இன்ன பங்கு என்று வரி முறை இருந்தது. 1954-இல் தலைவர் ஆட்சி சட்டப்படி ஒழிந்தது. திருச்சபைப் பெண்கள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள். 1910-இல் தொடங்கிய அவ்வழக்கம் இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாகத் திரள்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் காய்கறியும் பழமும் விலைப் பலகையும் வைத்துவிட்டு உழவர் வயலுக்குப் போய்விடுவார். வாங்குபவர் பணத்தைப் பெட்டியில் போட்டுச் செல்வார். இதற்கெல்லாம் அடியில் இருப்பதை 'த்லோம்ஙைனா' என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள். தன்னை முன்னிறுத்தாமல், கேட்குமுன்பே பிறர்க்கு உதவுதல் என்று ஏறத்தாழச் சொல்லலாம். சமூக மூலதனம் என்று நாங்கள் புத்தகத்தில் எழுதுவது இதன் வெளிறிய நிழல். ஆயினும் இச்சொல்லைப் போற்றிப் புகழ்வதோடு நின்றுவிடும் கட்டுரைகள் எனக்கு உவப்பாக இல்லை. இந்த அறம் யாருக்கெல்லாம் பொருந்தியது, யாரை வெளியே நிறுத்தியது, நகர வாழ்வில் என்ன ஆகிறது என்று கேட்பதுதான் முதுகலை மாணவரின் வேலை.

வேலை என்றதும் பெற்றோர் கேட்கும் மற்றொரு வேலை நினைவுக்கு வரும். கல்லூரி ஆசிரியப் பணியிடங்கள் குறைவு. ஆண்டுதோறும் பட்டம் பெறுவோர் அனைவருக்கும் அவை போதமாட்டா. இதை மறைத்துப் பேசுவது இளைஞர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் தேவை வகுப்பறைக்கு வெளியே வளர்ந்துவருகிறது. மிசோ அம்மாநிலத்தின் அலுவல் மொழி. வானொலி, நாளிதழ், பாடநூல், நீதிமன்றம், மருத்துவமனை எங்கும் நல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 2021-இல் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் எல்லை தாண்டிவந்த சின் மக்கள் பல்லாயிரவர். அவர்கள் பேசுவன மிசோவுக்கு நெருங்கிய மொழிகள். 2022-இல் கூகுள் தனது மொழிபெயர்ப்புச் சேவையில் மிசோவைச் சேர்த்தது. தொனியைக் குறிக்காத எழுத்தைக் கணினி சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால், மொழியியல் அறிந்த மிசோ பட்டதாரிகள் இல்லாமல் முடியாது. ஆகவே இப்பட்டத்தோடு மொழிபெயர்ப்பும் கணினிப் பயிற்சியும் சேர்ந்தே வரவேண்டும் என்பது என் கருத்து.

அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் மிசோ இல்லை. சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நிலுவையில் உள்ளது. பேசுவோர் குறைவு என்பது வலுவான வாதம் அல்ல. 2011 கணக்கெடுப்பில் சம்ஸ்கிருதத்தைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 25 ஆயிரத்துக்கும் குறைவு. அது அட்டவணையில்தான் இருக்கிறது.

அதேபோல், தில்லியிடம் மிசோ கேட்பதை மிசோவிடம் கேட்கும் மொழிகளும் உள்ளன. மாநிலத்தின் தெற்கே லாய், மாரா, சக்மா மக்களுக்கென 1972 முதல் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் இயங்குகின்றன. ஹ்மார், பைதே மொழி பேசுவோரும் இருக்கிறார்கள். தலைநகரில் கற்பிக்கப்படும் மிசோ, துலியன் என்னும் ஒரு வழக்கின் மீது எழுந்த பொதுமொழி. மிசோ முதுகலைப் பாடத்தில் இவற்றுள் ஏதேனும் ஒன்றையாவது கட்டாயமாகப் பயில வைத்தால், அந்த மொழிகளுக்கு மட்டுமன்றி மிசோ ஆய்வுக்கும் நன்மை.

எனக்குள்ள அவசரம் வேறொன்று. 1966-இல் இருபது வயதில் இருந்தவர் இன்று எண்பதை ஒட்டி நிற்கிறார். 1959 பஞ்சத்தில் காட்டுக் கிழங்கு தோண்டித் தின்றதை நினைவில் வைத்திருப்பவர்களும் முதியவர்களே. கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஊருக்குச் சென்று, அங்குள்ள முதியோர் சிலரின் பேச்சையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்து, பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கட்டும். அதையே ஒரு தாளாக மதிப்பிடலாம். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். பேருந்துக் கட்டணத்தையும் சில நாள் உணவுச் செலவையும் பல்கலைக்கழகம் தர வேண்டியிருக்கும். அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.