துபுவாவின் காகிதங்கள்

1761 ஜனவரி 16. புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டொரு நாளில் பிரெஞ்சுத் தளபதி லாலி தொலாந்தால் கைதியாகப் பல்லக்கில் ஏறி ஊரைவிட்டுக் கிளம்பினார். கோட்டை வாசலில் சொந்த நாட்டு அதிகாரிகளே கூடி நின்று வசைபாடி, அடிக்கப் பாய்ந்தார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர் துபுவா. ராணுவ நிர்வாக அதிகாரி, கண் மங்கிய கிழவர். பிரெஞ்சுக் கம்பெனிக் கணக்கில் நடந்த மோசடிகளுக்கு ஆதாரம் சேர்த்து வைத்திருந்தவர். கும்பலில் ஒருவன் அவரை வாளால் குத்திச் சாய்த்தான். அவரிடமிருந்த காகிதங்கள் உடனே கைப்பற்றப்பட்டன. பிறகு அவற்றை யாரும் பார்க்கவில்லை.

ஊழல் செய்தி படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் இது. அதற்குப் பிறகு பாரீஸில் எல்லோரும் லாலியைப் பற்றியே பேசினார்கள். துபுவாவின் காகிதங்கள் எங்கே என்று கேட்க ஆளில்லை.

லாலியை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. 1758இல் தஞ்சைப் படையெடுப்பின்போது கீழ்வேளூரில் கோயில் பிராமணர்களை உளவாளிகள் என்று பிடித்துப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டவர் அவர். ஆனால் கம்பெனி ஊழலை ஒடுக்கும் பொறுப்போடுதான் அவர் இங்கே அனுப்பப்பட்டார். அதனாலேயே புதுச்சேரி நிர்வாக சபை முழுக்க அவருக்குப் பகையானது. லாலி வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் தோற்று, புதுச்சேரியையும் இழந்தபின், குற்றம் சாட்டப்பட வேண்டியவர்கள் குற்றம் சாட்டுகிறவர்கள் ஆனார்கள். அறிக்கைகள் எழுதினார்கள், பிரசுரங்கள் அச்சிட்டார்கள்.

அவற்றில் ஒன்றின் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் வொல்தேர் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரி ஏசு சபைத் தலைவர் லவூர் இறந்தபோது அவர் பெட்டியில் இரண்டு குறிப்புகள் கிடைத்தனவாம். ஒன்று லாலியைப் புகழ்ந்தது, மற்றது பழித்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கேற்ற ஒன்றை எடுத்து நீட்டலாம். லாலி மீது பாரீஸில் நடந்த வழக்குக்குப் போனது பழித்த குறிப்பு. வாதாட வக்கீல் கொடுக்காமலே லாலிக்கு மரண தண்டனை விதித்து, பேசவிடாமல் வாயைக் கட்டி, 1766 மே 9 அன்று தலையை வெட்டினார்கள். 1778இல் அந்தத் தீர்ப்பை அரசரின் மன்றமே ரத்து செய்தது. கம்பெனிப் பணத்தைத் தின்றவர்கள் கடைசிவரை பிடிபடவில்லை. இன்று புதுச்சேரியில் லாலி பெயரில் ஒரு வீதி இருக்கிறது.

நம் காலத்துக்கு வருவோம். 2ஜி அலைக்கற்றை உரிம விவகாரத்தில் தமிழ் வீடுகளுக்குத் தெரிந்த எண் 1,76,000 கோடி. தணிக்கை அறிக்கை சொன்ன பல மதிப்பீடுகளில் அது மிகப் பெரியது. சிபிஐ குற்றப்பத்திரிகையில் இழப்பு சுமார் 30,984 கோடி. ஒரு தரப்பு ஊடகங்கள் பெரிய எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லின. 2017 டிசம்பர் 21இல் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலையானதும் மறுதரப்பு, ஊழலே நடக்கவில்லை என்றது. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததை வசதியாக விட்டுவிட்டது. சிபிஐயின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றபோது அது எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது? கட்சிக்கொரு பத்திரிகை, கட்சிக்கொரு சேனல் என்றிருக்கும்போது பாதிச் செய்தியே வாசலுக்கு வரும்.

புதுச்சேரியில் ஆபத்து இன்னும் நெருக்கமானது. தேர்ந்தெடுக்கப்படும் எம்எல்ஏக்கள் 30 பேர்தான். நிருபர், காண்டிராக்டர், அமைச்சர் மூவரும் ஒரே கல்யாண மண்டபத்தில் சந்தித்துக்கொள்கிற ஊர். அரசு விளம்பரம், தலைவர் பிறந்தநாள் விளம்பரம் இரண்டும் நின்றுபோனால் சிறு பத்திரிகை தாக்குப்பிடிப்பது கடினம். 2025 மார்ச்சில் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரையும் காரைக்கால் செயற்பொறியாளரையும் லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது. குற்றம் இனி நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டியது. கைதான அன்று யார் ராஜினாமா செய்ய வேண்டும் என்ற சண்டை சூடாக நடக்கும். ஆனால் பணம் போன வழி டெண்டர் கோப்பிலும், வேலையை அளந்து எழுதும் எம்-புக்கிலும், பாஸான பில்லிலும் இருக்கிறது. சத்தம் அடங்கியபின் அவற்றைத் தேடிப் போகும் நிருபர் அபூர்வம். கோப்பு காணாமல் போக இப்போது வாள்கூடத் தேவையில்லை.

எனவே ஒரு பெயரை மட்டும் திட்டுகிற செய்தியை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் பத்திரிகையையும் வாங்கிப் படியுங்கள். உங்கள் தெருச் சாலையை யார் போட்டார், எவ்வளவுக்கு, அளந்து கையெழுத்திட்டவர் யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு அரசு விளம்பரம் போகிறது என்பதையும் அதேபோல் இன்னொரு மனுவில் கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.