மண் பிழைத்தால் ஊர் பிழைக்கும்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்களில் பலருக்கு ஊரில் ஒரு துண்டு நிலமாவது பங்கில் உண்டு. நிலமே இல்லாதவர்கள் கூலிக்கு வழியின்றி வந்தார்கள். நிலம் இருந்தவர்கள் அதில் மிச்சம் ஏதுமின்றி வந்தார்கள். விட்டுவந்த பூமி இன்று பல இடங்களில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

சென்ற ஆண்டு கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து என் பெரியப்பா மகன் தொலைபேசியில், "நிலத்தை வித்திரலாமா தம்பி? உன் கையெழுத்தும் வேணும்" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை. இயற்கை வேளாண்மையால் கிராமம் நிமிருமா என்று படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கியது அதன் பிறகுதான். அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தக் கதையில் கோவில்பட்டிக்கே ஓர் இடமுண்டு. அமரர் கோ. நம்மாழ்வார் 1963-இல் அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியில் சேர்ந்தார். வானம் பார்த்த பூமியை நம்பியிருக்கும் ஏழை விவசாயிக்கு, விலைகொடுத்து வாங்கும் வீரிய விதையையும் உரத்தையும் பூச்சிமருந்தையும் வைத்து நடக்கும் ஆராய்ச்சியால் பயனில்லை என்று கண்டு, 1969-இல் வேலையை விட்டார். கரூர் மாவட்டம் கடவூர் அருகே 'வானகம்' பண்ணையை உருவாக்கினார். 2013 டிசம்பரில் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று இதையே எடுத்துச் சொன்னார்.

அவர் சொன்ன கணக்கு நமக்கும் புரியக்கூடியதே. மழை பொய்த்தால் விளைச்சல் போய்விடும். உரக்கடைக் கடன் போகாது. விதை, உரம், மருந்து மூன்றுக்கும் பணம் ஊரைவிட்டு வெளியேறுகிறது. மாறாக, சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண் ஆகியவற்றை நீரில் கலந்து செய்யும் ஜீவாமிர்தத்திற்கு வேண்டியவை பெரும்பாலும் ஊரிலேயே கிடைக்கும். இதை நாடெங்கும் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் நம் மகாராஷ்டிரத்து அமராவதிக்காரர். பூச்சி விரட்ட வேப்பங்கொட்டைக் கரைசல் போதுமென்றால், அந்தக் கொட்டையைப் பொறுக்கிவரும் பெண்ணுக்கும் நாலு காசு கிடைக்கிறது. செலவு குறைவது ஒரு பக்கம். அந்தச் செலவே இன்னொருவர் வீட்டு வருமானமாவது மறுபக்கம். கிராம வளர்ச்சி என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

விதைக்கும் ஒரு வழி பிறந்தது. திருவாரூர் மாவட்டத்து 'நெல்' ஜெயராமன், மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார் என 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை நெல் பெற்றுச் செல்லும் விவசாயி, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். இப்படி விதை கைமாறிக் கைமாறிப் பெருகியது. 2018-இல் அவர் மறைந்தார். அந்த ரகங்கள் வயலில் இருக்கின்றன.

ஆனால் அவசரம் கூடாது. இலங்கையில் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையைக் கைவிட்டனர். சிக்கிமோ 2003-இல் முடிவெடுத்து, படிப்படியாக மாறி, 2016-இல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. உரத்துக்குப் பழகிய மண் தேறச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை விளைச்சல் குறையலாம், களையெடுப்பும் கூடும். எனவே என் அண்ணனிடம், "விற்க வேண்டாம் அண்ணே. தரிசாகக் கிடக்கும் ஒரு ஏக்கரில் மட்டும் கம்பும் உளுந்தும் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு வருஷ நஷ்டத்தில் பாதி என்னுடையது" என்றேன்.

அந்த இடைக்காலத்தைக் கடக்க விவசாயிக்கு வேண்டியது நிச்சயமான விலை. அதைக் கொடுக்க மும்பையில் இருக்கும் நம்மால் முடியும். ஒரே கட்டடத்தில் வசிக்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, ஊரிலுள்ள ஒரு விவசாயக் குழுவிடம் அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், கருப்பட்டி ஆகியவற்றை முன்பணம் கொடுத்து நேரடியாக வாங்கலாம். தவிடு நீக்காத அரிசி விரைவில் சிக்கு வாடை பிடிக்கும், வண்டும் விழும். ஆகவே ஒரு மாதத் தேவைக்கு மேல் தருவிக்க வேண்டாம்.

கடையில் வாங்கினால், 'இயற்கை' என்ற சொல்லை மட்டும் நம்பாமல் இயற்கை விளைபொருளுக்கான அரசு அங்கீகார முத்திரை உள்ளதா என்று பாருங்கள். சான்றிதழுக்குச் செலவழிக்க இயலாத சிறு விவசாயிகளுக்கு 'பி.ஜி.எஸ். இந்தியா' என்ற முறை உண்டு. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் ஏற்பாடு இது. ஊரிலுள்ள உங்கள் உறவினருக்கு இதைத் தெரிவியுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பிள்ளைகளை வயலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பக்கத்தில் யார் உரமின்றிப் பயிர் செய்கிறார் என்று கேட்டறிந்து வாருங்கள். நிலத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அதன்பிறகு குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம்.