மாமனாரின் கண்ணும் மங்கலான எழுத்தும்!

'கண்ணாடி மாத்தி ஒரு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள மறுபடி எழுத்து தெரியலைங்கறாரே!'

மாமனாரைப் பற்றி இப்படி அலுத்துக்கொள்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவர் கையிலிருக்கும் செல்போனை வாங்கிப் பாருங்கள். வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுத்து! அதை வடிவமைத்த இளைஞரின் கண்ணுக்கு அது 'நீட்'டாகத்தான் இருந்திருக்கும். உங்கள் மாமனாருக்கு?

வயசு ஏற ஏற கண்பாப்பா சுருங்குகிறது. உள்ளேயிருக்கும் லென்ஸ் மஞ்சள் பூக்கிறது. 20 வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேருகிறது. மஞ்சள் லென்ஸ் நீல ஒளியை வடிகட்டிவிடுவதால் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். (ஒரு காலில் நீல சாக்ஸ், மறு காலில் கறுப்பு சாக்ஸ் என்று கல்யாணத்துக்குக் கிளம்பிய பெரியவர் உங்கள் வீட்டிலும் இருப்பாரே!) பிரெஞ்சு ஓவியர் க்ளாட் மோனேவையே கண்புரை படாதபாடு படுத்தியது. 1923-ல் ஆபரேஷன் செய்துகொண்டார்.

திரையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டி நெறியே இருக்கிறது. வெள்ளையில் கறுப்பு என்றால் 21-க்கு 1. ஆனால், யார் கேட்கிறார்கள்?

இதையாவது கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். வேணுமென்றே செய்வதும் உண்டு! சாம்பல் கூட்டத்தில் ஒரே ஒரு சிவப்பு இருந்தால், நாம் தேடாமலேயே கண் அங்கே போய் நிற்கும். சில வியாபாரிகளுக்கு இது அத்துப்படி. 'சம்மதம்' என்ற பட்டன் பளிச்சென்று பெரிதாக இருக்கும். 'வேண்டாம்' என்பது கண்ணுக்கே தெரியாத வெளிர் நிறத்தில் மூலையில் கிடக்கும். கூடவே சிவப்பில் 'இன்னும் 2 நிமிடம்தான்' என்று அவசரம் வேறு! மங்கலான கண் எதை அழுத்தும், சொல்லுங்கள்? சேராத திட்டத்துக்கு மாசாமாசம் பணம் போவது இப்படித்தான்.

இதுமாதிரி 13 வகைத் தந்திரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை போட்டிருக்கிறது. ஏமாந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

இன்று மாலை மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனின் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கிக் கொடுங்கள். பணம் கட்டும் பக்கம் வந்தால் அழுத்துவதற்கு முன் மூலைமுடுக்கெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியும் எழுத்து மங்கலாகவே தெரிகிறதா? எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறிக் கூசுகிறது, புடவைக் கலரெல்லாம் வெளுத்துத் தெரிகிறது என்கிறாரா? கண்ணாடிக் கடை வேண்டாம். நேரே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கண்புரையாக இருக்கலாம்.