நிரல் களஞ்சியத்தின் தூதுகள்

பலர் கூடி இயற்றும் மென்பொருளின் நிரல்கள் கிட்ஹப் போன்றதொரு பொதுக் களஞ்சியத்தில் சேமிக்கப்பட்டிருக்கையில், ஒருவர் செய்த மாற்றம் ஏனையோர்க்கு உடனே தெரிவது அவசியம். களஞ்சியத்தை ஓயாது அணுகி வினவலாம். ஆயினும் அடையாளம் காட்டாது வினவுவோர்க்குக் கிட்ஹப் மணிக்கு 60 வினாக்களையே அனுமதிக்கிறது, அவற்றுள்ளும் பெரும்பாலானவை விருதாவாகும். அதற்கு மாறாக, சம்பவம் நிகழ்ந்த மாத்திரத்தில் களஞ்சியமே குறித்த முகவரிக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடே வெப்ஹூக். 2007-இல் ஜெஃப் லிண்ட்சே அதற்கு அப்பெயரிட்டார்.

களஞ்சியத்தின் செட்டிங்ஸில் வெப்ஹூக்ஸ் பகுதியைத் திறந்து, முகவரி, ரகசியச் சொல், அறிவிக்க வேண்டிய நிகழ்ச்சிகள் ஆகியவற்றைப் பதிந்தால், கிட்ஹப் முதலில் 'பிங்' என்னும் சோதனைச் செய்தியை அனுப்புகிறது. குழு உரையாடும் ஸ்லாக்கும், இத்தகைய செய்திகளைப் பெறுவதற்காகத் தன் சேனலுக்கென ஒரு முகவரியைத் தருகிறது. ஆனால் அம்முகவரியை அப்படியே கிட்ஹப்பிடம் கொடுத்துவிட்டால் காரியம் நடவாது. கிட்ஹப் அனுப்பும் விரிந்த ஜேசான் ஓலையில் ஸ்லாக் எதிர்பார்க்கும் 'டெக்ஸ்ட்' என்னும் பகுதி இராது. ஆகவே, இடையில் நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிறு நிரல் ஒன்று தேவை. கிட்ஹப் தானே அளிக்கும் ஸ்லாக் செயலியும் உண்டு. எனினும் செய்தியின் வடிவத்தைத் தம் விருப்பப்படி அமைக்க விழைவோர் இந்த இடைநிரலையே எழுதிக்கொள்வது உசிதம்.

இடைநிரலின் முதற்கடமை, வந்த செய்தி மெய்யாகவே கிட்ஹப்பிடமிருந்து வந்ததுதானா என்று பரிசோதிப்பதாகும்; ஏனெனில், அதன் முகவரியை அறிந்த எவரும் அதற்குப் பொய்ச் செய்தி அனுப்ப இயலும். ரகசியச் சொல்லையும் செய்தியின் முழு உடலையும் சேர்த்து எச்மேக் ஷா-256 முறையில் கணித்த கையொப்பத்தைக் கிட்ஹப் தலைப்பில் இணைத்து அனுப்புகிறது. ஜேசானைப் பிரித்துப் படிப்பதற்கு முன்னரே, வந்த உடலை ஓர் எழுத்தும் மாறாதபடி கொண்டு நாமும் அவ்வாறே கணித்து, இரண்டும் ஒத்தால் மட்டுமே ஏற்க வேண்டும். இச்சோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பது பெரும் பிழை. ஸ்லாக் முகவரியும் ரகசியமே. அதைப் பெற்றவர் எவரும் அச்சேனலில் எழுதலாமாகையால், களஞ்சியத்திலேயே அதனை எழுதிவைத்தல் ஆகாது.

ஒவ்வொரு கிளையின் ஒவ்வொரு புஷ்ஷையும் அறிவிக்கச் செய்தால் சேனலில் நெரிசல் மிகுந்து, முக்கியமானவையும் கவனிப்பாரற்றுப் போகும். பிரதான கிளையின் மாற்றம், புல் ரிக்வெஸ்ட், தோல்வியுற்ற பரிசோதனை ஆகிய இவ்வளவே போதும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பத்து விநாடிகளுக்குள் நம் சர்வர் விடையளிக்காவிடில் கிட்ஹப் அதனைத் தோல்வியெனக் குறித்துவிடும். தானாக மறுமுறை அனுப்பாது. எனவே, செய்தியைப் பெற்றதும் உடனே விடை கூறிவிட்டு, ஸ்லாக்குக்கு அனுப்பும் வேலையைப் பின்னர்ச் செய்வதே முறை. அப்படியும் தவறியவற்றை, கடந்த 3 நாட்களுக்கு உட்பட்டவையாயின், வெப்ஹூக்கின் 'ரீசென்ட் டெலிவரீஸ்' பட்டியலிலிருந்து மீண்டும் அனுப்பச் செய்யலாம்.