முடியாத ஆட்டம்

கோலி ஆட்டம் எப்போது முடியும்? இருட்டிவிட்டால் முடியும். பல்லாங்குழி எப்போது முடியும்? முத்துகள் தீர்ந்தால் முடியும்.

செல்போன் ஆட்டம் அப்படி முடிவதில்லை. ஏன்? முடியக்கூடாது என்றே பல ஆட்டங்களைச் செய்திருக்கிறார்கள். ஆட்டம் இலவசம்தான். ஆனால் நடுவே விளம்பரம் வரும். உள்ளே பொருள்களும் விற்பார்கள். ஆடுபவர் அதிக நேரம் இருந்தால் வியாபாரமும் அதிகம்.

கேண்டி கிரஷ் என்று ஓர் ஆட்டம். 2012-இல் வந்தது. ஒரே நிற மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும். ஆடுபவருக்கு 5 'உயிர்' உண்டு. தோற்றால் ஓர் உயிர் போகும். ஐந்தும் போனால் ஆட முடியாது. அரை மணிக்கு ஓர் உயிர் திரும்பி வரும். காத்திருக்க முடியாதவர் காசு கொடுத்து வாங்கலாம். காத்திருப்பவரின் மனமும் அங்கேயே கிடக்கும். உயிர் வந்ததும் செல்போன் கூப்பிடும்.

பப்ஜி வேறு விதம். அது சண்டை ஆட்டம். 100 பேர் வரை ஒன்றாக ஆடுவார்கள். ஓர் ஆட்டம் முடிய அரை மணி கூட ஆகும். நடுவில் நிறுத்தி வைக்க வழி இல்லை. நான்கு பேர் ஓர் அணி. ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவரும் திட்டுவார்கள். "சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிடுகிறார். மகன் அசையவில்லை. அம்மாவுக்கு அது திமிராகத் தெரிகிறது. பாதிக் காரணம் ஆட்டத்துக்குள் இருக்கிறது.

2020-இல் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டியது. 2021-இல் அதே ஆட்டம் வேறு பெயரில் வந்தது.

சில ஆட்டங்களில் மூடிய பெட்டி விற்பார்கள். உள்ளே என்ன என்று தெரியாது. திருவிழாக் கடையில் சீட்டுக் கிழிப்பது போலத்தான். 'அடுத்ததில் விழும்' என்று கை மறுபடி நீளும். இது சூதாட்டம் என்று சொல்லி, பெல்ஜியம் நாடு 2018-இல் தடுத்தது.

செல்போனைப் பிடுங்கினால் வீட்டில் சண்டைதான் வரும். ஆட்டம் தொடங்கும் முன்பே பேசுவது நல்லது. "இந்த ஓர் ஆட்டம், பிறகு சாப்பாடு" என்று சொல்லி வைக்கலாம். ஆட்டம் அனுப்பும் செய்திகளை செல்போனில் நிறுத்தி வைக்கலாம். பணம் கட்டும் ரகசிய எண் பெரியவர்களிடமே இருக்கட்டும்.

தூக்கம் கெட்டு, படிப்பும் வேலையும் கெட்டு, அப்படியும் பல மாதங்களாக நிறுத்த முடியவில்லையா? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இதற்கு உதவி கேட்க 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.